எட்டாம் இலக்க வீட்டில் செவ்வாய்

செவ்வாயைப் பார்ப்பதற்காக நான் அந்த டெலஸ்கோப்பை வாங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் லண்டனில் நாங்கள் இருக்கிற மோர்டனில் பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வாங்கியது தூரத்துக் கிரகங்களுக்காக. யுரேனஸ், நெப்டியூன். இரண்டும் எங்கள் சாதகக் கட்டத்தில் இல்லை. யாருடைய கலியாணத்தையும் குழப்புவதில்லை, யாருடைய வேலையையும் பறிப்பதில்லை, எள்ளெண்ணெய் எரிக்கச் சொல்லிக் கேட்பதில்லை. தங்கள் பாட்டில் சுற்றிக்கொண்டு திரிகின்றன. மனிதர்களிலும் எனக்கு அப்படிப்பட்டவர்களைத்தான் பிடிக்கும். அவர்களையும் டெலஸ்கோப் வைத்துத்தான் தேட வேண்டும்.

அப்போது நான் பஸ் டிப்போவில் மெக்கானிக். வீட்டில் நானும் தங்கச்சியும் மட்டும். அம்மா அப்பா இரண்டு பேரும் ஊரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தங்கச்சி பார்மசியில் வேலை செய்தாள், முப்பது தாண்டியிருந்தாள், வாய் மட்டும் பதினாறில் நின்றது. பகல் முழுக்க பஸ்ஸுக்குக் கீழே கிடந்து மேலே பார்க்கிறவன் வீட்டுக்கு வந்தும் மேலேதான் பார்க்கிறான் என்று போகிற இடமெல்லாம் சொல்லுவாள்.

டெலஸ்கோப் என்றால் கடற்கொள்ளைக்காரன் கையில் வைத்திருக்கிற சாமான் இல்லை. என்னுடையது வீட்டுக்குப் பின்னால், பின்வளவில் நிறுத்தி வைக்கிற, தண்ணீர்க் குழாய் மாதிரி மொத்தமான வெள்ளைக் குழாய். அடியில் ஒரு கண்ணாடி, மேலே பக்கவாட்டில் கண் வைக்கிற துவாரம். வருகிற எல்லோரும் அடிப்பக்கம்தான் குனிவார்கள். அங்கே ஒன்றும் தெரியாது. பிறகு நிமிர்ந்து, ஏமாற்றிவிட்டேன் என்பது போல என்னைப் பார்ப்பார்கள்.

லண்டன் வானத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. முகில் இல்லாத நாளில் தெருவிளக்கு. தெருவிளக்குக்கு மரம் மறைப்புக் கட்டினால் ஹீத்ரோவுக்குப் போகிற பிளேன். இவ்வளவுக்கும் நடுவில் யுரேனஸைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோடைகாலமே போனது. கண்டுபிடித்த அன்று தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெளிறிய பச்சையில் ஒரு பொட்டு. நூற்றுக்கணக்கான கோடி மைல் தூரத்தில் நிற்கிற ஒரு உலகம்.

"உதுவோ அண்ணை?"

"ஓம்."

"ஒரு பயறைப் பாக்க இவ்வளவு பெரிய குழாயோ?"

கோபம் வந்தது. ஆனால் பயறு மாதிரித்தான் இருந்தது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு கோடையில் செவ்வாய் பூமிக்குக் கிட்ட வந்தது. கிட்ட என்றால், பல்லாயிரம் வருஷமாக அவ்வளவு கிட்ட வந்ததில்லையாம். டிவியில் அதே கதை, தமிழ் வானொலியில் அதே கதை. அதுவரை என் டெலஸ்கோப்பைப் பார்த்து, பக்கத்து வீட்டு யன்னலைப் பார்க்கிறானோ என்று சந்தேகப்பட்ட சனமெல்லாம் திடீரென்று என்னைத் தேடத் தொடங்கியது. யுரேனஸைக் காட்டுகிறேன் என்றபோது ஒருவரும் வரவில்லை. செவ்வாய் என்றதும் தாச்சியில் கறி கொதிக்கக் கொதிக்க விட்டுவிட்டு வந்தார்கள்.

போன் ஓயாது. எடுப்பது தங்கச்சிதான், நான் எடுத்தால் ஏசிப்போட்டு வைத்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டு இலக்கம் எட்டு. ஒரு நாள் யாரோ போனில் கேட்டதற்கு அவள் சொன்னாள்:

"ஓம், எட்டில செவ்வாய். வாங்கோ, தேத்தண்ணியும் இருக்கு."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். போனில் இருந்தவரும் சிரித்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கிழமை முடிவதற்குள் அந்தப் பகிடி எல்லா இடமும் போய்விட்டது. முன்வீட்டில் இருந்த மலேசியாத் தமிழர், வங்கியில் வேலை, மிகவும் மரியாதையான மனிதர், அவரும் குப்பைத்தொட்டி தள்ளிக்கொண்டு போகும்போது, "என்னங்க, எட்டுல செவ்வாய் வந்தாச்சா?" என்று கேட்டார். டூட்டிங்கில் மரக்கறிக் கடைக்காரர் முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே, "எட்டில செவ்வாய் வந்திருக்கிறார், இவருக்கு நல்லதாப் பாத்துப் போடு" என்று பெடியனுக்குச் சொன்னார். கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிக்காமல் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றவர்களும் இருந்திருப்பார்கள். அதை நான் கவனிக்கவில்லை.

இந்தப் பகிடி ஏன் பகிடி என்று தெரியாதவர்களுக்கு: சாதகத்தில் எட்டாம் வீட்டில் செவ்வாய் இருந்தால் கட்டுகிறவருக்கு ஆயுள் கெட்டி இல்லை என்று எங்கள் ஆட்கள் பயப்படுவார்கள். செவ்வாய் உள்ளவருக்குச் செவ்வாய் உள்ளவரைத்தான் பார்த்துக் கட்டிவைப்பார்கள். அப்போது இரண்டும் ஒன்றையொன்று வெட்டிவிடுமாம். இதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். எனக்குக் கிரகத்தில் நம்பிக்கை உண்டு, சாத்திரியார்களில் இல்லை.

தங்கச்சியின் சாதகத்தில் செவ்வாய் எட்டில் இல்லை. அது முக்கியம், ஏனென்றால் அந்த நேரம் அவளுக்கு ஒரு கலியாணம் பேச்சில் இருந்தது. மாப்பிள்ளை கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற இடத்தில் தாயோடு இருந்தவர், கணக்காளர். தகப்பன் இல்லை. ஒரு சிநேகிதியின் கலியாண வீட்டில் இரண்டு பேரும் சந்தித்திருந்தார்கள், இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. பிறகு முறைப்படி சாதகம் பரிமாறி, பொருத்தம் பார்த்து, நல்லம் என்று சொல்லியாகிவிட்டது. நாள் வைப்பதுதான் மிச்சம்.

"லண்டனில பார்க்கிங் கிடைக்கிறது லேசில்லை அண்ணை" என்பாள் தங்கச்சி. "கிடைச்சால் உடனே விட்டிட வேணும்."

முன்பு வந்த பேச்சுகளில் ஒருவரைப் பற்றியும் அவள் பகிடி விட்டதில்லை. முகத்தைச் சுளித்துவிட்டுப் போய்விடுவாள். இவரைப் பற்றி விட்டாள். அதிலிருந்தே எனக்கு விளங்கியது.

ஒரு சனிக்கிழமை காலை மாப்பிள்ளையின் தாய் போன் எடுத்தா. தங்கச்சி வேலைக்குப் போயிருந்தாள். நான்தான் எடுத்தேன்.

"தம்பி, ஒரு கதை காதில விழுந்தது. நேர கேக்கிறன், கோவிக்கக் கூடாது. தங்கச்சிக்கு எட்டில செவ்வாயோ?"

"இல்லை அன்ரி. எட்டெண்டுறது வீடு."

"ஓம் தம்பி. எட்டாம் வீடு. அதைத்தான் நானும் கேக்கிறன்."

"அந்த வீடில்லை. நாங்கள் இருக்கிற வீடு."

"நீங்கள் இருக்கிற வீட்டில செவ்வாயோ?"

"ஓம். பின்வளவில."

"பின்வளவில என்ன தம்பி செய்யுது?"

"நிக்குது. இருட்டினாப் பிறகு வடிவாத் தெரியும்."

இதற்கு மேல் விளக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்த மனுஷி மெதுவாகக் கதைத்தா, காய்ச்சல்காரனோடு கதைப்பது போல.

"தம்பி, மறைக்கத் தேவையில்லை. பிள்ளை தானே எல்லாருக்கும் சொல்லுறாவாம். இருந்தால் இருக்கெண்டு சொல்லுங்கோ. உண்மையெண்டால் அதுக்கேத்த மாதிரி நாங்கள் கதைக்கலாம்."

அதில்தான் எனக்குப் பத்தியது. அதுக்கேத்த மாதிரிக் கதைப்பது என்றால் என்ன? சீதனத்தைக் கூட்டிக் கேட்கப் போகிறாவா? என் தங்கச்சியில் பழுது இருக்கிறது என்று சொல்லிக் குறைத்து வாங்கப் போகிறாவா? அவள் என்ன பழைய பஸ்ஸா?

"அன்ரி, எங்கட பிள்ளை சுத்தம். செவ்வாயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாங்கள் தந்த சாதகம் அசல் சாதகம். சாதகத்தை மாத்தி எழுதிக் குடுக்கிற ஆக்கள் இருக்கினம். அப்பிடிப்பட்டவையை நான் மனிசராயே மதிக்கிறேல்லை."

"அப்ப... உண்மையாவே இல்லையோ?"

"சத்தியமா இல்லை."

"சரி தம்பி. வைக்கிறன்."

வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு பார்க்கிங்கில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. தாயும் எடுக்கவில்லை, மகனும் எடுக்கவில்லை. தங்கச்சியின் மொபைலுக்கு ஒரு செய்தி மட்டும் வந்தது: அம்மா கொஞ்சம் யோசிக்கிறா, பொறுங்கோ. அவள் அதைப் படிக்கட்டில் இருந்தபடி திரும்பத் திரும்பப் பார்த்தாள். நாள் வைக்கிற கதை நின்றுபோனது. நான் வெளியே டெலஸ்கோப்பை வைத்தால், "பயறு தெரியுதோ?" என்று கேட்கிறவள் கேட்காமல் யன்னல் திரையை இழுத்துவிட்டாள். எனக்கு நக்கல் பிடிக்காது. ஆனால் அவள் நக்கலடிக்காத வீட்டில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

"உந்த மனிசியை விடு" என்றேன் ஒரு நாள் சாப்பிடும்போது. "கதையைக் கேட்டிட்டுக் குழப்பிற சனம்."

"என்ன கதை?"

அவளிடம் நான் அந்தப் போனைப் பற்றி அதுவரை சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். அவள் சோற்றில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னுடைய பகிடி பார்க்கிங் வரை போய்த் தன்னுடைய கலியாணத்திலேயே இடித்துக்கொண்டு நிற்கிறது என்று விளங்கியதும் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அண்ணை, அவ சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ. உங்கட கோவத்தை விட்டிட்டு."

"'உண்மையெண்டால் கதைக்கலாம்' எண்டு வெருட்டினவ."

"இல்லையெண்டு நீங்கள் சத்தியம் பண்ணினாப் பிறகு?"

"'சரி, வைக்கிறன்' எண்டவ."

"சந்தோஷமாச் சொன்னவவோ?"

யோசித்துப் பார்த்தேன். சந்தோஷமாகச் சொன்ன மாதிரி இல்லை. செத்த வீட்டுச் செய்தி கேட்ட மாதிரி இருந்தது.

தங்கச்சி கையைக் கழுவிவிட்டு, எனக்கு ஒன்றும் சொல்லாமல் பார்க்கிங்குக்குப் போன் எடுத்தாள்.

"அன்ரி, ஒருக்கா வந்து செவ்வாயைப் பாத்திட்டுப் போங்கோ. ... இல்லை அன்ரி, செவ்வாய்க்கிழமை இல்லை. எனக்குத் தெரியும், செவ்வாய்க்கிழமை நீங்கள் வெளிக்கிட மாட்டியள். வெள்ளிக்கிழமை வாங்கோ. வெள்ளியில செவ்வாய் பாக்கலாம்."

அந்த வெள்ளிக்கிழமை வானம் எனக்கு ஒத்துழைத்தது. இந்த நாட்டில் அது அடிக்கடி நடப்பதில்லை. குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்கு மாற்றிய காலம், வேலை முடிந்து வரும்போதே இருட்டு. தெற்குப் பக்கத்தில், பின்வீட்டுக் கூரைக்கு மேலே, செவ்வாய் மஞ்சள் கலந்த சிவப்பில் நின்றது. கோடையில் இருந்ததைவிடச் சிறுத்துவிட்டது, இருந்தாலும் பார்க்கலாம்.

தாயும் மகனும் காரில் வந்தார்கள். அந்த அம்மா சீலைக்கு மேல் மொத்தக் கோட்டு, காதை மூடின கம்பளித் தொப்பி, காலுறைக்கு மேல் செருப்பு. மகன் உயரமான பெடியன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு கேக் பெட்டியும். எதை முதலில் நீட்டுவது என்று தெரியாமல் இரண்டையும் என் நெஞ்சில் இடித்தார். உள்ளே இருங்கோ என்றால் அந்த அம்மா இருக்கவில்லை. நேரே பின்வளவுக்குப் போய், டெலஸ்கோப்பின் அடிப்பக்கம் குனிந்தா.

"அது அடி, அன்ரி. மேல, பக்கவாட்டில பாருங்கோ."

பார்த்தா. மற்றவர்கள் ஒரு தரம் பார்த்துவிட்டு நிமிர்ந்துவிடுவார்கள். இவ கண்ணை எடுக்கவில்லை.

"தம்பி, உதுவோ செவ்வாய்?"

"ஓம்."

"மைசூர்ப் பருப்பளவுதான் கிடக்கு."

"தூரத்தில நிக்குது."

"அவ்வளவு தூரத்தில நிண்டுகொண்டோ இந்த ஆட்டம் ஆட்டுது?"

எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. பேச்சை மாற்றுவதற்காகக் குழாயைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி யுரேனஸைப் பிடித்துக் காட்டினேன். உண்மையைச் சொன்னால் பேச்சை மாற்றுவதற்காக மட்டும் இல்லை. ஒருத்தராவது பார்க்கட்டும் என்றுதான்.

"இது எந்த வீட்டில தம்பி?"

"ஒரு வீட்டிலயும் இல்லை. சாதகத்திலயே இல்லை. ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யாது."

"பிறகேன் பாக்கிறியள்?"

தங்கச்சி தேத்தண்ணி போட உள்ளே போய்விட்டாள், இல்லாவிட்டால் விழுந்து சிரித்திருப்பாள். அந்த அம்மா பிளாஸ்டிக் கதிரையில் போய் இருந்து, கோட்டை இழுத்து மூடிக்கொண்டா.

"தம்பி, போனில ஒண்டு சொன்னனியள். சாதகம் மாத்திறவையை மனிசராயே மதிக்கிறேல்லையெண்டு."

"ஓம்."

"நான்தான் மாத்தினனான்."

"அம்மா?" என்றார் மகன்.

"நீ பேசாமல் நில். உனக்குத்தான் எட்டில செவ்வாய். ரெண்டு சம்பந்தம் அதால குழம்பினது, உனக்குச் சொல்லேல்லை. மூண்டாந்தரம் என்னால ஏலாமல் போச்சு. எட்டில கிடந்ததை ஒன்பதில தள்ளி எழுதுவிச்சுப் போட்டன். ஒரு வீடுதானே எண்டு."

நான் குளிரில் நின்று, ஒவ்வொரு திருகாணியாகத் திருகி, செவ்வாயை அந்தத் துவாரத்தின் நடுவுக்குக் கொண்டுவரப் படுகிற பாடு எனக்குத் தெரியும். இந்த மனுஷி பேனையால் ஒரு வீடு தள்ளிவிட்டிருக்கிறா.

"உங்கட பிள்ளைக்கும் எட்டில செவ்வாய் எண்டு கேள்விப்பட்ட உடன எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமே? ரெண்டும் ரெண்டும் சரியாப் போச்சு, இனி உண்மையைச் சொல்லலாம் எண்டுதான் போன் எடுத்தனான். நீங்கள் சத்தியம் பண்ணி இல்லையெண்டிட்டியள்." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தா. "இனி எப்பிடித் தம்பி? தெரிஞ்சுகொண்டு கட்டி வைச்சு, நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்டெண்டால் நான் ஆர்? இதை நேர சொல்ல வேணும் எண்டுதான் வந்தனான். சொல்லிட்டன். நாங்கள் போறம்."

எழும்பிவிட்டா. மகன் அசையவில்லை. முகத்தைப் பார்த்தால், யாரோ தலையில் போட்ட மாதிரி இருந்தது. எனக்கு வாயில் நிறைய வந்தது. அந்தச் செவ்வாயில் இருப்பது கல்லும் புழுதியும் மட்டும், அதற்கு பார்க்கிங் எங்கே மோர்டன் எங்கே என்று தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தகப்பன் இல்லாத வீட்டில் ஒரு தாய் பயந்துபோய் நிற்கும்போது, கல்லையும் புழுதியையும் பற்றிச் சொல்லி என்ன வரப்போகிறது? ஒன்றும் சொல்லாமல் நின்றேன். என் வாழ்க்கையில் நான் அப்படி நின்றது குறைவு.

தங்கச்சி தட்டோடு கதவடியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"மாமி, இருங்கோ."

அன்ரி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். அந்த அம்மாவும் கவனித்தா, திரும்பிப் பார்த்தா.

"டூட்டிங் மரக்கறிக் கடையில என்னைப் பற்றி என்ன மாமி கதைக்கினம்?"

"எட்டில செவ்வாய் எண்டு."

"பார்க்கிங்கில?"

"அதேதான் பிள்ளை."

"நானே என்ர வாயால லண்டன் முழுக்கச் சொல்லிட்டன். இனி செவ்வாய் இல்லாத மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருத்தரும் இந்தக் கேற்றைத் திறக்க மாட்டினம். இல்லையெண்டு அண்ணை சத்தியம் பண்ணினால், மாத்தின சாதகம் எண்டு சொல்லுவினம். எனக்கு இனிச் செவ்வாய் உள்ள ஆளைத்தான் கட்ட ஏலும். அப்பிடி ஒருத்தரை ஆர் தேடித் தாறது? அண்ணையோ? அண்ணை யுரேனஸைத்தான் தேடிக்கொண்டிருப்பார்."

"அது கதைதானே பிள்ளை. சாதகத்தில இல்லையே."

"உங்கட மகனுக்குச் சாதகத்தில இருக்கு, கதையில இல்லை. எனக்குக் கதையில இருக்கு, சாதகத்தில இல்லை. சரிக்குச் சரி."

அந்த அம்மா சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் கணக்கு மூளை எங்கே இருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனதுக்குள் ஒரு பக்கத்தில் மகனை வைத்து, மறுபக்கத்தில் தங்கச்சியை வைத்து, நிறுத்துக்கொண்டு நின்றா. மகனைப் பார்த்தா. அவர் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பிளேன் போனது. அது போய் முடிந்ததும் அந்த அம்மா தங்கச்சி பக்கம் திரும்பினா.

"உனக்குப் பயமில்லையோ பிள்ளை?"

"ரெண்டு மாசமா எட்டில செவ்வாயோடதான் மாமி இருக்கிறன். அதைவிட அண்ணையோட இருக்கிறதுதான் கஷ்டம்."

அதற்குத்தான் அந்த மனுஷி சிரித்தா. என்னை வைத்து. திரும்பவும் கதிரையில் இருந்தா.

"எனக்குச் சீனி ஒரு கரண்டி காணும், கூடப் போடாதேங்கோ" என்றா. தேத்தண்ணியை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, மாசம் எது நல்லம், மண்டபம் எங்கே கிடைக்கும் என்று தங்கச்சியிடம் கேட்கத் தொடங்கினா. கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே என் பக்கம் திரும்பினா.

"தம்பி, என்னை மனிசியா மதிக்க ஏலாட்டில் பரவாயில்லை. சம்பந்தியா மதிச்சால் காணும்."

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

தங்கச்சி இருட்டில் என் காலை மிதித்தாள். பார்மசியில் நாள் முழுக்க நிற்கிறவளின் சப்பாத்து, பாரமானது.

"மதிக்கிறன்" என்றேன். "கேக்கை வெட்டுங்கோ."